ஏழாம் வரிசைக் குடைமிளகாய்

ஏழாம் வரிசையின் நடுவில் இருந்த செடியின் இலையை நாகவேணி திருப்பிப் பார்த்தாள். இளம் இலையில், வட்டத்துக்குள் வட்டமாக, வெளிறிய வளையங்கள். ஈரக்கை பட்ட தடமாக இருக்கலாம் என்று முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. பக்கத்துச் செடியில் சிவக்கத் தொடங்கியிருந்த ஒரு காயைப் பிடித்துத் திருப்பினாள். அதன் தோலிலும் அதே வளையம்.

பயிற்சியின்போது படத்தில் காட்டியிருந்தார்கள். இலைப்பேன் கொண்டுவரும் வைரஸ். வந்த செடிக்கு வைத்தியம் கிடையாது. போன வாரம் அடித்த சூறைக்காற்றில் பசுமைக்குடிலின் மேற்கு ஓரத்து வலை கிழிந்திருந்தது. மறுநாளே தைத்துவிட்டார்கள். அந்த ஒரு நாள் போதுமானதாக இருந்திருக்கிறது.

தளி வட்டாரத்தில் குடைமிளகாய்க் குடில்களுக்குக் குறைவில்லை. வேறு யாருடைய குடிலாக இருந்தாலும் இந்நேரம் செடியைப் பிடுங்கிக் கொளுத்திவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இது சந்தைக்குப் போகிற காய் இல்லை. இங்கே ஒவ்வொரு வரிசையும் ஒரு ஆள். மாற்றுக் கல்லீரல் பொருத்திக்கொண்டவர்கள், உடம்பு அதை எதிர்க்காமலிருக்க மாத்திரை தின்றே சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு, தினமும் தங்கள் வரிசையில் பழுத்த ஒரு பழத்தைப் பச்சையாகத் தின்று உயிரோடு இருக்கிறார்கள். ஒருவர் வரிசைப் பழம் இன்னொருவருக்கு ஆகாது. ஏழாம் வரிசை வாணியம்பாடி ஷமீம் பானுவுடையது.

எட்டாம் வரிசை நாகவேணியின் கணவன் திம்மராஜுடையது.

அவள் எட்டாம் வரிசைக்குள் நுழைந்து ஒவ்வொரு இலையாகப் புரட்டினாள். வளையம் ஏதும் கண்ணில் படவில்லை. பிறகு ஏழாம் வரிசையின் தலைப்பக்கம் வந்து முதல் செடியின் அடித்தண்டைப் பிடித்தாள். பிடுங்கவில்லை. பிடித்தபடியே நின்றாள். தான் இப்போது முழுக் குடிலையும் காப்பாற்றப் போகிறோமா, இல்லை பக்கத்து வரிசையை மட்டுமா என்று அவளுக்கே விளங்கவில்லை.

கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கோகுலகிருஷ்ணனுக்குப் போன் செய்தாள்.

கோகுல், இந்தக் குடிலை நடத்தும் மருந்து நிறுவனத்தின் தாவரப் பிரிவு விஞ்ஞானி. நாலு வருடங்களுக்கு முன்னால் திம்மராஜுக்கு இந்தப் பழத்தை முதன்முதலாக விளக்கிச் சொன்னவரும் அவர்தான். திம்மராஜ் அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில், முகமெல்லாம் வீங்கிக் கிடந்தான். கோகுல் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து நிதானமாகப் பேசினார்.

"அரிசி, பருப்பு, மீன்னு தினம் எத்தனையோ வேத்துப் பொருளை உள்ள தள்ளறோம். உடம்பு அதுங்களோட சண்டைக்குப் போறதில்ல. வாய் வழியா வந்தா அதுக்கு விருந்தாளி. உங்களுக்கு வச்ச கல்லீரல் அப்படி வரல. அதான் சண்டை. கல்லீரல் கொடுத்தவரோட அடையாளத்தை எடுத்து இந்தக் கேப்சிகத்துக்குள்ள வச்சிருக்கோம். வேக வச்சா அது அழிஞ்சுபோயிடும், அதனால பச்சையா சாப்பிடணும். சாப்பிடச் சாப்பிட, இது நம்ம வீட்டுச் சோறுதான்னு உடம்பு கத்துக்கும்."

திம்மராஜ் அதுவரை போர் போடுகிற லாரியில் வேலை பார்த்தவன். ஆந்திரா, ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றியவன். பறித்த பழம் குளிரில் வைத்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் வேலைக்கு ஆகாது என்றதும், சுற்றுவது முடிந்தது. இருவரும் குடிலிலேயே வேலைக்குச் சேர்ந்து, அதையொட்டிய இரண்டு அறை வீட்டில் குடியிருந்தார்கள். அவன் மோட்டாரையும் சொட்டுநீர்க் குழாய்களையும் பார்த்துக்கொண்டான். செடிகள் அவள் பொறுப்பு.

இப்போது போனில், அவள் அனுப்பிய வளையங்களின் படத்தைக் கோகுல் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, மறுநாள் வந்து சோதிப்பதாகச் சொன்னார். அதுவரை பிடுங்க வேண்டாமா என்று அவள் கேட்டாள். ஒருவருடைய வரிசையைப் பிடுங்குவது அவருடைய மருந்தை நிறுத்துவது, டாக்டர்கள் கூடிப் பேசி ஒப்புக்கொள்ளாமல் யாரும் அதைச் செய்ய முடியாது என்றார். பூச்சிமருந்து அடிக்கலாமா என்றாள். இலைப்பேனைக் கொல்கிற அளவுக்கு அடித்தால் அதைத் தின்கிறவர்களின் ஈரல் தாங்காது என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டாள்.

"புதுச் செடி வைக்க முடியாதா சார்?"

"லேப்ல பானுவோட நாத்து எப்பவும் தயாரா இருக்கு. ஆனா நட்டு, காய்ச்சு, பழுக்க மூணு மாசம் ஆகும். அந்த மூணு மாசம்தான் பிரச்சினை, நாகவேணி."

திம்மராஜிடம் சொன்னபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையை உதறிவிட்டு எழுந்துபோய் வாசலில் நின்றான். அவனிடம் அவள் எதிர்பார்த்தது வேறு. பிடுங்கிவிடு என்று அவன் சொன்னால் பாரம் பாதியாகக் குறையும் என்று நினைத்திருந்தாள். அவன் திரும்பி, "என்னை வச்சு அந்தம்மா செடியில கை வைக்காத, வேணி. அவங்களைக் கேளு. அவங்க பொருள் அது," என்றான்.

ஷமீம் பானுவை அவளுக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்குப் பழம் கூரியரில் போகும். பானு மட்டும் பழங்களை வாங்க அவரே பஸ் ஏறி வருவார். வாணியம்பாடியில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவைக் கவனித்துக்கொள்கிறவர். தன் செடிகளின் நடுவே நடந்து, கிளை கட்டிய கயிறு தளர்ந்திருந்தால் அவரே இழுத்துக் கட்டுவார். குடைமிளகாயை வதக்காமல் தின்பது மனுஷத்தனமே இல்லை, கொஞ்சம் உப்பும் எலுமிச்சையும் இருப்பதால் சகித்துக்கொள்கிறேன் என்பார்.

நாகவேணி போனில் நடந்ததை மட்டும் சொன்னாள். மறுநாள் காலை வருவதாகச் சொல்லிப் பானு போனை வைத்துவிட்டார்.

கோகுல் முந்திக்கொண்டு வந்திருந்தார். சோதனைக் குச்சியில் இரண்டு கோடு விழுந்தது. ஏழாம் வரிசையில் நோய் இருக்கிறது, மற்ற எதிலும் இன்னும் இல்லை. அவர் உடனே டாக்டர்களை அழைத்தார். அவர்களில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். இன்னும் இரண்டு நாளாவது ஆகும் என்று பதில் வந்தது. இரண்டு நாளில் இலைப்பேனின் குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்துவிடும் என்று கோகுல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை நாகவேணி கேட்டாள். குடில் முழுதும் முப்பது பேருடைய வரிசைகள் பழுத்து நின்றன.

பானு வந்தார். கருப்பு புர்கா, கையில் பழம் கொண்டுபோகிற அதே குளிர்பெட்டி. வெள்ளைப் பாதுகாப்பு அங்கியை மேலே மாட்டிக்கொண்டு உள்ளே வந்து, வளையம் விழுந்த இலையைப் பார்த்தார். எப்படிப் பரவும், எவ்வளவு வேகம், புதுச் செடி எப்போது காய்க்கும் என்று ஒவ்வொன்றாகக் கோகுலிடம் கேட்டார். இடையில் மாத்திரைக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, உங்கள் சிறுநீரகம் இருக்கிற நிலையில் கொஞ்ச காலம்கூடத் தாங்காது என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. பானு தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு எட்டாம் வரிசையைக் காட்டி, "இது யாரோடது?" என்றார்.

கோகுல் வாய் திறப்பதற்குள் நாகவேணி சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரோடது அக்கா."

பானு அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"அதனாலதான் எனக்கு அவசரமா போன் பண்ணியா?"

"தெரியலக்கா. நேத்துலருந்து அதையேதான் என்னை நானே கேட்டுக்கறேன்."

கோகுல் குறுக்கிட்டு, இதில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, டாக்டர்கள் முடிவு வரட்டும் என்றார். பானு அவர் பக்கம் திரும்பவில்லை. வெளியே போய், மோட்டார் அறை நிழலில் கவிழ்த்திருந்த உரத்தொட்டி மேல் உட்கார்ந்தார். அங்கே குழாய் வால்வைக் கழற்றிக்கொண்டிருந்த திம்மராஜ் அவரைக் கண்டு எழுந்து நின்றான். அவர் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அவன் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

குடிலின் பிளாஸ்டிக் சுவருக்குள்ளிருந்து நாகவேணி இருவரையும் பார்த்தாள். அவர்கள் பேசியது கேட்கவில்லை. வெகுநேரம் பேசின மாதிரியும் இல்லை. பானு திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. கோபமா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

"எனக்குக் கொடுக்க மனசில்ல. அதை முதல்ல சொல்லிடறேன்," என்றார். "நான் ஒண்ணும் பெரிய மனுஷி இல்ல. இது என் செடி, பிடுங்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா நீங்க யாரும் தொட முடியாது. அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துது. ஆனா செடி எப்படியும் சாகப்போகுது. இன்னும் ரெண்டு வாரம் கூடுதலா ஓட்டறதுக்காக முப்பது குடும்பத்துக்கு என்னால பதில் சொல்ல முடியாது. பை கொண்டுவா."

வளையம் விழாத பழங்களை எல்லாம் முதலில் பறித்தார்கள். அவை பாதி பெட்டியைக்கூட நிரப்பவில்லை. பிறகு ஒவ்வொரு செடியின் மேலும் பெரிய பிளாஸ்டிக் பையை மெதுவாக, பூச்சி பறந்துவிடாமல் கவிழ்த்து, அடியில் கட்டி, வேரோடு இழுத்தார்கள். முதல் செடியைப் பானுவே இழுத்தார். கோகுல் தடுப்பதுபோல ஒரு அடி வைத்துவிட்டு நின்றுவிட்டார். அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வரிசை காலியானதும் பானு பெட்டியை மூடித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். நாகவேணி கேட் வரைக்கும் கூடவே போனாள்.

வைரஸ் வேறெங்கும் வரவில்லை. ஏழாம் வரிசையில் பானுவின் புது நாற்றுகளை நட்டார்கள்.

பானுவிடம் பழம் தீரும் நாளை நாகவேணி மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். தீர்ந்த பிறகு போன் செய்யப் பயமாக இருந்தது. செய்தாள். பானு நன்றாக இருப்பதாகச் சொன்னார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். ரத்தப் பரிசோதனை எப்படி என்று கேட்டால், டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பேச்சை மாற்றினார். பொய் சொல்கிறார் என்று நாகவேணிக்குத் தோன்றியது. நிறுவனத்திலிருந்து யாரோ, நோயாளிகளோடு நேரடியாகப் பேசுவதைத் தவிர்க்கும்படி அவளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அது அவள் சந்தேகத்தை இன்னும் கிளறியது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடிக்குப் பஸ் ஏறினாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது பானு அடுப்படியில் நின்று கறி வதக்கிக்கொண்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. முன்னைக்குக் கொஞ்சம் சதை போட்டிருந்தார். கூடத்து நாற்காலியில் கோகுலகிருஷ்ணன் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். நாகவேணியைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"உக்காரு. நீயும் கேளு," என்றார் பானு. "சார், எங்கிட்ட சொன்னதை இவகிட்டயும் சொல்லுங்க."

கோகுல் சொல்ல விரும்பவில்லை. ஆனாலும் சொன்னார். பானுவின் ஈரல் நன்றாக வேலை செய்கிறது. பழம் நின்று இத்தனை நாளாகியும் உடம்பு அதை எதிர்க்கவில்லை. டாக்டர்கள் மூன்று தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள்.

"அப்படின்னா?" என்றாள் நாகவேணி.

"உடம்பு கத்துக்கிடுச்சு. கத்துக்கிட்டதைத் தினம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்ல போலிருக்கு."

"எல்லாருக்குமா?"

"அதுதான் தெரியாது. சில பேருக்குக் கத்துக்கிட்டது அப்படியே நிக்கும். சில பேருக்கு நிறுத்தின கொஞ்ச நாள்லயே மறந்துடும். யார் எந்த ரகம்னு காட்டற பரிசோதனை கிடையாது. நிறுத்திப் பார்த்தாத்தான் தெரியும். மறந்த ஆளுக்கு மறுபடி பழம் கொடுத்தா திரும்புமான்னும் தெரியாது."

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா சார்?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இப்படி இருக்கலாம்னு ஒரு நினைப்பு இருந்துது. பரிசோதிச்சுப் பார்க்க யாரை நிறுத்தச் சொல்றது? கம்பெனியும் அதைக் கேக்க விரும்பல, அதையும் ஒத்துக்கறேன். தினம் சாப்பிடறவங்க இருக்கிற வரைக்கும்தானே இந்தக் குடில்." உங்கள் புதுச் செடிகள் பழுக்கப்போகின்றன, பேசாமல் மறுபடி தின்னத் தொடங்கிவிடுங்கள், வெளியே சொல்ல வேண்டாம் என்று பானுவிடம் கேட்கத்தான் கம்பெனி அவரை அனுப்பியிருந்தது. "இது வெளிய போனா எல்லாரும் நிறுத்துவாங்க. அதுல நாலு பேர் செத்தா அது என் தலையில, நாகவேணி. உங்க தலையிலயும்."

அவள் அவரை ஏதேதோ சொல்லித் திட்டினாள். ஒரு மனிதனை ஒரு செடியின் காலில் கட்டிப்போட்டுவிட்டு, கட்டு தேவையா என்றுகூடப் பார்க்காமல் இருந்தீர்கள் என்றாள். பானு அவளுக்குச் சோறு போட்டு, சாப்பிடாமல் விடமாட்டேன் என்று உட்காரவைத்தார்.

வீடு திரும்பி அன்று மாலையே திம்மராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்கத் தோன்றவில்லை. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கடைசியில், "நல்ல வேளை, அந்தம்மா பொழச்சாங்க," என்றான். மறுநாள் காலை வழக்கம்போலத் தன் வரிசையில் ஒரு பழத்தைப் பறித்துக்கொண்டு மோட்டார் அறைக்குப் போனான். அதற்கடுத்த நாளும் போனான். அவனுக்குப் பழைய லாரிக் கூட்டாளிகளிடமிருந்து அடிக்கடி போன் வந்தது. அவன் சிரித்துப் பேசுவதைக் கேட்க அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

ஒரு மாதம் போனது. ஒருநாள் காலை அவன் வாசலில் உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டிருந்தான். வெயில் நேராக முகத்தில் விழுந்தது. கண்ணாடியில் அவன் கண்களைப் பார்த்த நாகவேணி, கையிலிருந்த வாளியை வைத்துவிட்டு அருகே போய் அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். வெள்ளை விழி மஞ்சளாகப் படிந்திருந்தது.

"எவ்வளவு நாளா திங்கல?"

அவன் மழுப்பவில்லை. அவள் வாணியம்பாடி போய் வந்த மறுநாளிலிருந்து என்றான். பழங்களை மோட்டார் அறைக்குப் பின்னால் புதைத்திருந்தான். "இன்னும் ஒரு மாசம் ஒண்ணும் ஆகலைன்னா உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். மறுபடி லாரிக்குப் போகலாம்னு. ஒரே ஒரு தடவை ராஜஸ்தான் வரைக்கும்."

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி. கோகுல் தானே காரோட்டிக்கொண்டு பெங்களூருக்கு அழைத்துப்போனார். ஊசி, சொட்டு மருந்து. சிறுநீரகம் தாங்குமா தாங்காதா என்று டாக்டர்கள் நாள்தோறும் தராசு பிடித்தார்கள். நாகவேணி தளிக்கும் பெங்களூருக்குமாக அலைந்தாள். காலையில் பறித்த பழத்தைக் கொண்டுபோய், மெல்லத் தெம்பில்லாத அவனுக்கு மசித்து ஊட்டினாள். எத்தனையோ நாள் கழித்து, மஞ்சள் இறங்கத் தொடங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். கற்றுக்கொண்டதை உடம்பு முழுசாக மறந்திருக்கவில்லை. ஆனால் ஈரலின் ஒரு பகுதி போய்விட்டது, அது திரும்பாது. இனி ஒரு நாள்கூடப் பழத்தை விட முடியாது.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கோகுல் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெகுநாளாகச் சரியாகத் தூங்காத முகம். அவர் கேட்ட விதத்தில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார்.

"இப்ப சொல்லுங்க. மத்தவங்களுக்குச் சொல்லலாமா?"

வாணியம்பாடியில் அவர் முன்னால் அவள் கத்தியது அவளுக்கு நினைவிருந்தது. கணவனிடம் சொன்ன அந்த மாலையும் நினைவிருந்தது. உள்ளே திம்மராஜ் இருமுவது கேட்டது.

"சொல்லணும் சார்," என்றாள். "பானுக்கா கதையையும் சொல்லணும், இவரு கதையையும் சொல்லணும். ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணைச் சொல்லக் கூடாது. நானே சொல்றேன்."

கம்பெனி ஒப்புக்கொள்ளாது என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்து, எல்லோருடைய நம்பரும் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார்.

தளிக்குத் திரும்பிய மறுநாள் காலை அவள் குடிலுக்குள் நின்றுகொண்டே முதல் ஆளை அழைத்தாள். ஒன்றாம் வரிசை, ஆத்தூர்க்காரர், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவர், ஜெயசீலன் என்று பெயர். அவள் இரண்டு கதைகளையும் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

"அப்ப நான் என்னம்மா பண்ணட்டும்?" என்றார் அவர்.

அவள் அவருடைய வரிசையைப் பார்த்தாள். தழைத்துப் படர்ந்து, தலைக்கு மேல் போயிருந்தது.

"அது எனக்குத் தெரியாதுங்கண்ணா. உங்க செடியில பழம் நிறையப் பழுத்திருக்கு. இன்னைக்கு அனுப்பவா வேண்டாமானு மட்டும் சொல்லுங்க."

பின்னால் யாரோ ஒரு பெண் என்னவென்று கேட்பதும், அவர் போனைக் கையால் பொத்திக்கொள்வதும் கேட்டது. நாகவேணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கையில் கத்தரிக்கோலோடு, காத்துக்கொண்டு நின்றாள்.